வாத்தியங்களின் பொடித் திருகாணிகள்: புதிதாகக் கை வைப்பவர்களுக்கு

வீட்டில் யாருடைய தோட்டுத் திருகாணியாவது தொலைந்த நாளை நினைத்துப் பாருங்கள். பாயை உதறி, கட்டிலை நகர்த்தி, பெருக்கிய குப்பையைக்கூட விரலால் கிண்டிப் பார்த்திருப்போம். கிளாரினெட்டிலும் சாக்ஸபோனிலும் ஏறக்குறைய அதே அளவுத் திருகாணிகள் டஜன் கணக்கில் இருக்கின்றன. ஆர்மோனியத்தைத் திறந்தால் சுரம் எழுப்பும் ஒவ்வொரு ரீடுக்கும் இரண்டு. தோட்டுத் திருகாணி போனால் நகைக்கடையில் வேறொன்று கிடைத்துவிடும். கிளாரினெட் திருகாணி அப்படிக் கிடைக்காது. ஒரு கம்பெனியின் மரை இன்னொரு கம்பெனிக்குப் பெரும்பாலும் பொருந்தாது. ஒரே வாத்தியத்தில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு திருகாணிகள்கூட நீளத்தில் வேறுபடும். ஒன்று தொலைந்தாலோ தலை சிதைந்தாலோ அது தாங்கும் கீ, அதாவது விரலால் அழுத்தி ஓட்டையை மூடித் திறக்கும் நெம்பு, வேலை செய்யாது. ஒரு கீ வேலை செய்யாத கிளாரினெட்டை வைத்துக்கொண்டு கச்சேரிக்குப் போக முடியாது.

அதனால் பழுதுபார்க்கக் கற்றுக்கொள்ள வருபவர்களிடம் பேட் (கீயின் அடியில் ஓட்டையை அடைக்கும் மெத்தை) மாற்றுவதையோ சுருதி சேர்ப்பதையோ நான் முதலில் சொல்வதில்லை. ஒரு திருகாணியைக் காயப்படுத்தாமல் கழற்றி, அதே இடத்தில் திரும்ப மாட்டத் தெரிந்தால் போதும், பாதி வேலை கைக்கு வந்துவிட்டது.

டெஸ்டரை எடுத்து உள்ளே வையுங்கள்

நம் வீடுகளில் திருப்புளி என்றால் பெரும்பாலும் கரண்ட் பார்க்கும் டெஸ்டர்தான். நானும் என் முதல் கிளாரினெட்டை அதை வைத்துத்தான் கழற்றப் பார்த்தேன். பழைய வாத்தியம், திருகாணிகளில் லேசாகத் துரு. அழுத்தித் திருப்பியதும் டெஸ்டர் நழுவி, தலையில் இருந்த வெட்டின் ஓரம் பிய்ந்தது. இன்னொரு முறை திருப்பியதும் மறு ஓரமும் போனது. அந்தத் தலையில் மறுபடி வெட்டுப் போட, நகைத் தொழில் செய்யும் ஒருவரிடம் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியிருந்தது.

ஏன் நழுவியது என்பதைப் புரிந்துகொண்டால் எந்தக் கருவி வாங்குவது என்பது தானாகவே புரிந்துவிடும். சாதாரணத் திருப்புளியின் நுனி ஆப்பு மாதிரி இருக்கும். நுனியில் மெல்லியது, மேலே போகப் போகத் தடிமன். திருகாணித் தலையில் உள்ள வெட்டின் சுவர்களோ நேர்ச்செங்குத்தாக இருக்கும். ஆப்பை அதில் வைத்தால் வெட்டின் மேல் விளிம்பை மட்டும்தான் தொடும். திருப்பும்போது அது மேலே ஏறப் பார்க்கும். ஏறினால் விளிம்பைப் பிய்த்துக்கொண்டு வெளியே வரும். நமக்கு வேண்டியது, நுனியில் இரு பக்கமும் இணையாக இருக்கும் திருப்புளி. வாட்ச் வேலை செய்பவர்கள் வைத்திருப்பது அந்த வகை. வெட்டின் அடிவரை இறங்கி, சுவர் முழுவதையும் பிடித்துத் திருப்பும்.

இரண்டு அளவுகளைப் பாருங்கள். நுனியின் அகலம் திருகாணித் தலையின் விட்டத்துக்குச் சமமாகவோ ஒரு மயிரிழை குறைவாகவோ இருக்க வேண்டும். அதிகமானால் பக்கத்தில் உள்ள போஸ்டை, அதாவது கீயைத் தாங்கும் சிறு தூணைக் கீறிவிடும். நுனியின் தடிமன் வெட்டை நிறைக்க வேண்டும். சோதிப்பது சுலபம். திருப்புளியை வெட்டில் நிறுத்தி, திருப்பாமல், இடமும் வலமும் மெதுவாக ஆட்டிப் பாருங்கள். கொஞ்சம்கூட ஆடாமல் திருகாணியோடு ஒட்டியது மாதிரி நின்றால் அதுதான் சரியான அளவு.

ஆரம்பத்தில் ஐந்து அளவுகள் போதும்: 1.2, 1.6, 2.0, 2.5, 3.0 மில்லிமீட்டர். கைப்பிடியின் உச்சியில் தனியாகச் சுழலும் தொப்பி இருக்கட்டும். ஆள்காட்டி விரலைத் தொப்பியின் மேல் வைத்து அழுத்தி, கட்டைவிரலாலும் நடுவிரலாலும் உருட்டுவதுதான் பிடிக்கும் முறை. அழுத்தம் அதிகம், திருப்பும் விசை குறைவு என்று இருந்தால் நழுவாது. முப்பத்திரண்டு நுனிகளுடன் மலிவாக வரும் டப்பாக்களை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். அவற்றின் இரும்பு மிருதுவானது. இறுகிய திருகாணியில் வைத்தால் நுனியே முறுக்கிக்கொள்ளும். நல்ல திருப்புளி ஐந்து வாங்கும் பணம் இல்லையென்றால் இரண்டு வாங்குங்கள்.

நுனி கொஞ்சம் தடிமனாக இருந்து வெட்டில் இறங்கவில்லையா? எண்ணெய்விட்ட சாணைக்கல்லில் இரண்டு முகங்களையும் சம அளவில் தேய்த்து மெலிதாக்கலாம். கத்தி மாதிரிக் கூராக்கிவிடாதீர்கள், நுனி சதுரமாகவே இருக்க வேண்டும். மோட்டார் சாணையில் பிடிப்பதாக இருந்தால் அடிக்கடி தண்ணீரில் தோயுங்கள். சூடேறி நீலம் பாய்ந்துவிட்டால் இரும்பின் பதம் போய்விடும், அதன் பிறகு அது முதல் முறையிலேயே வளையும்.

பிடிக்க என்ன வைத்துக்கொள்வது

திருப்புளிக்கு அடுத்து முக்கியமானது சாமணம். தட்டார்கள் கல் பதிக்கும்போது பிடிக்கிறார்களே, அந்தக் கூர்நுனிச் சாமணம் ஒன்றும், நுனி வளைந்தது ஒன்றும் வைத்துக்கொள்ளுங்கள். வாங்கும்போது வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து மூடிப் பாருங்கள். நுனி இரண்டும் முழுவதுமாகச் சேர வேண்டும். சற்று விலகி இருந்தால் திருகாணி சுண்டிவிட்டது மாதிரிப் பறக்கும். அழுத்திப் பிடித்தாலும் பறக்கும். திருகாணி நழுவாத அளவுக்கு மட்டும் பிடித்தால் போதும்.

இரண்டு கீகளுக்கு நடுவே, விரல் போகாத பள்ளத்தில் திருகாணியை மாட்ட வேண்டிவரும். அங்கே திருகாணி திருப்புளியின் நுனியிலேயே ஒட்டி நிற்க வேண்டும். இதற்கு நான் அதிகம் நம்புவது தேன்மெழுகு. மிளகில் கால் பங்கு அளவு மெழுகை நுனியில் தடவி, திருகாணித் தலையில் அழுத்தினால் தலைகீழாகப் பிடித்தாலும் விழாது. இரண்டு சுற்று ஏறியதும் திருப்புளியை எடுத்து நுனியையும் தலையையும் துடைத்துவிடலாம். இன்னொரு வழி, மெல்லிய ஒயரின் மேலுறையை ஒரு சென்டிமீட்டர் உருவி எடுத்துக்கொள்வது. ஒரு முனையில் திருகாணித் தலை, மறு முனையில் திருப்புளி நுனி. மரை பிடித்ததும் உறையை மேலே இழுத்துவிடலாம். காசு செலவில்லாத கருவி, ஆனால் கடைகளில் விற்கும் கவ்வித் திருப்புளியைவிட எனக்கு இதுதான் கைக்கு வந்தது.

காந்தம் வைத்த திருப்புளியைப் பலரும் முதலில் வாங்குகிறார்கள். அதற்கு ஓர் எல்லை உண்டு. கிளாரினெட், சாக்ஸபோன் இரண்டிலும் கீகளைத் தாங்கும் திருகாணிகளும் ராடுகளும் (கீயின் குழாய்க்குள் போகும் நீளத் திருகாணிகள்) பெரும்பாலும் எஃகு, அதனால் ஒட்டும். பித்தளைத் திருகாணி ஒட்டாது. கிளாரினெட் கீகள் செய்யப்படும் ஜெர்மன் சில்வரும் ஒட்டாது, அது செம்பும் நிக்கலும் துத்தநாகமும் கலந்தது. மேலும், காந்தத் திருப்புளியால் திரும்பத் திரும்பத் தொட்டால் எஃகு ராடிலும் லேசாகக் காந்தம் ஏறும். பிறகு இரும்புத் தூள் ராடில் ஒட்டிக்கொண்டு, எண்ணெயோடு சேர்ந்து உள்ளே அரைக்கும். நான் காந்தத்தைக் கீழே விழுந்ததைத் தேடுவதற்கு மட்டும் வைத்திருக்கிறேன்.

கண்ணுக்கும் ஒரு கருவி வேண்டும். நாற்பது வயதைத் தாண்டியவர்கள் கட்டாயம் வாங்குங்கள், இளைஞர்களும் வாங்குங்கள். தலையில் மாட்டும் பூதக்கண்ணாடி இரண்டு கைக்கும் வேலை கொடுக்கும். கண்ணில் மாட்டும் வாட்ச் லென்ஸ் மூன்று மடங்கு பெரிதாகக் காட்டினாலே போதும். பத்து மடங்கு என்றால் முகத்தை வாத்தியத்தின் மேலேயே வைக்க வேண்டிவரும், திருப்புளிக்கு இடம் இருக்காது.

உட்காரும் இடம்

மேசையில் வெள்ளைத் துண்டு விரியுங்கள். பூத்துண்டு வேண்டாம், நூல் முடிச்சுகளில் திருகாணி சிக்கும். பழைய வேட்டித் துணி நல்லது. அதன் மேல் விளிம்பு உயர்ந்த எவர்சில்வர் தட்டு ஒன்று. துண்டின் ஒரு முனையை உங்கள் இடுப்பில் செருகிக்கொண்டால், மேசையிலிருந்து உருளுவது மடியில் விழும், தரையில் விழாது. நகைப் பட்டறைகளில் மேசைக்குக் கீழே தோலோ துணியோ கட்டியிருப்பார்கள், தங்கத் தூள் கீழே போகாமல் இருக்க. அதே யோசனைதான். சீலிங் ஃபேனை நிறுத்திவிடுங்கள். திருகாணி பறக்காது, ஆனால் கீயின் அடியில் இருக்கும் மெல்லிய கார்க் துண்டும் ஃபெல்ட்டும் பறந்துவிடும்.

கழற்றுவதை எங்கே வைப்பது? எல்லாவற்றிலும் சிறந்த இடம், அது வந்த இடமேதான். கீயை எடுத்த உடனே திருகாணியை அதே போஸ்டில் திரும்ப இரண்டு மூன்று சுற்று ஏற்றி வைத்துவிடுங்கள். தொலையாது, மாறாது. அப்படி வைக்க முடியாதபோது ஒரு தெர்மாகோல் பலகையில் வாத்தியத்தின் படத்தைக் கோட்டோவியமாக வரைந்து, எந்தத் திருகாணி எங்கே இருந்ததோ அங்கே குத்தி வையுங்கள். கழற்றும் முன் போனில் நான்கு பக்கமும் படம் எடுத்துக்கொள்வதும் நல்லது. ஆனால் படத்தில் திருகாணியின் நீளம் தெரியாது, தெர்மாகோலில் தெரியும்.

முதல் பயிற்சி: ரெஜிஸ்டர் கீ

கிளாரினெட்டில் பழகுவதற்கு ஏற்றது மேல் பாகத்தின் பின்புறம், இடது கட்டைவிரல் ஓட்டைக்கு மேலே இருக்கும் ரெஜிஸ்டர் கீ. தனியாக நிற்கும், வேறு கீ எதையும் கழற்ற வேண்டாம். இரண்டு போஸ்டுகளுக்கு நடுவே ஒரு குட்டை ராடு, அதன் மேல் ஏற்றப்பலகை மாதிரி ஆடும் கீ, பெரும்பாலான வாத்தியங்களில் கீயின் அடியில் ஒரு தட்டை ஸ்பிரிங்.

மேல் பாகத்தை மட்டும் கழற்றி, ரீடும் மவுத்பீஸும் பத்திரமாக எட்ட வைத்துவிட்டு, கீ மேலே பார்க்கும்படி துண்டில் கிடத்துங்கள். இரண்டு போஸ்டையும் பாருங்கள். ஒன்றில்தான் ராடின் தலையும் வெட்டும் தெரியும். வெட்டில் அழுக்கு அடைத்திருந்தால் ஊசியால் சுரண்டி எடுங்கள். இந்த ஒரு காரியத்தைச் செய்யாமல்தான் பாதித் திருகாணிகள் கெட்டுப்போகின்றன, ஏனென்றால் அழுக்கு இருக்கும்போது திருப்புளி அடிவரை இறங்குவதில்லை.

பொருத்தமான திருப்புளியை ராடுக்கு நேர்க்கோட்டில் பிடியுங்கள். சாய்வாகப் பிடித்தால் நழுவும். இடது கை வாத்தியத்தைப் பிடித்திருக்கட்டும், ஆனால் இடது கை விரல் திருப்புளி போகும் பாதையில் இருக்கக் கூடாது. அழுத்தி, கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் கால் சுற்று. அசைந்தால் தொடருங்கள். மரை முழுதும் விட்டதும் ராடு சும்மா சுற்றும். அப்போது சாமணத்தால் தலையைப் பிடித்து நேராக இழுங்கள். பாதியில் நின்றால் கீயை லேசாக ஆட்டிக்கொண்டே இழுங்கள். ராடு வந்ததும் கீ மேலெழும். அதைத் தூக்கும்போது அடியில் உள்ள தட்டை ஸ்பிரிங்கின் நுனி எங்கே உட்கார்ந்திருந்தது என்று பார்த்து வையுங்கள். உடம்பில் அதற்கென்று ஒரு சிறு பள்ளமோ தகடோ இருக்கும்.

ராடைத் துணியால் துடையுங்கள். கறுப்பாகப் பிசின் மாதிரி வருவது பழைய எண்ணெய். கீயின் குழாய்க்குள் பைப் கிளீனரை விட்டு, வெள்ளையாக வரும்வரை துடையுங்கள். பிறகு ராடில் ஒரே ஒரு சொட்டு எண்ணெய். வாத்தியங்களுக்கென்று விற்கும் கீ ஆயில் சிறந்தது. கிடைக்காவிட்டால் தையல் மெஷின் எண்ணெய். தேங்காய் எண்ணெய் ஒருபோதும் வேண்டாம். சுமார் 24, 25 டிகிரிக்குக் கீழே போனால் உறையும், நாள்பட்டால் பிசுபிசுக்கும். மார்கழிக் காலையில் கீ எழும்பவில்லை என்று வந்த வாத்தியங்களில் இதை நான் பார்த்திருக்கிறேன்.

இப்போது திரும்ப மாட்டுவது. கீயைப் போஸ்டுகளுக்கு நடுவே இறக்கி, ஸ்பிரிங்கின் நுனியை அதன் பள்ளத்தில் உட்காரவைத்து, கீயை விரலால் கீழே அழுத்திப் பிடித்துக்கொள்ளுங்கள். ராடை உள்ளே செலுத்துங்கள். மறு போஸ்டின் மரையைத் தொட்டதும் உடனே முறுக்காதீர்கள். முதலில் எதிர்த்திசையில் மெதுவாகத் திருப்புங்கள். ஓரிடத்தில் ராடு ‘டிக்’ என்று ஒரு நூல் அளவு கீழே இறங்குவது விரலில் தெரியும். அதுதான் மரை தொடங்கும் இடம். அங்கிருந்து வலப்பக்கம் திருப்பினால் வெண்ணெய் மாதிரி ஏறும். தொடக்கத்திலேயே கனமாக இருந்தால் மரை மாறிப் பிடித்திருக்கிறது, நிறுத்தி வெளியே எடுத்து மறுபடி தொடங்குங்கள். இந்த ‘டிக்’கை உணர விரல் பழக வேண்டும். நான் சொல்லிக்கொடுப்பவர்களை இந்த ஒரே ராடைப் பத்து முறை கழற்றி மாட்டச் சொல்வது இதற்காகத்தான்.

முழுதும் ஏறியதும் கீயை அழுத்திவிடுங்கள். சட்டென்று திரும்ப வேண்டும். மந்தமாக இருந்தால் கால் சுற்றுத் தளர்த்திப் பாருங்கள்.

கிளாரினெட்டின் நீளமான கீகளை இரு முனையிலும் கூர்த்திருகாணிகள் தாங்கும். அவற்றை அதிகம் முறுக்கினால் கீ இறுகிவிடும், தளர்த்தினால் கீ முன்னும் பின்னும் ஓடிச் சத்தம் போடும். இறுகாமலும் ஓடாமலும் இருக்கும் இடத்தில் நிறுத்த வேண்டும். அந்த இடத்தில் நிற்காமல் தானாகவே தளர்ந்துகொண்டே வருகிறதென்றால், மரை தளராமல் பிடிக்கும் பசையான திரெட் லாக்கரில் குறைந்த பிடிமானமுள்ள ஊதா நிற வகை, லாக்டைட் 222 போன்றது, ஊசிமுனை அளவு போதும். சிவப்பு நிற வகையைத் தொடவே தொடாதீர்கள், சூடு காட்டாமல் கழற்ற முடியாது. சாக்ஸபோனின் சரிசெய்யும் திருகாணிகளுக்கு நிறமற்ற நகப்பூச்சு ஒரு புள்ளி வைப்பவர்களும் உண்டு, அதுவும் வேலை செய்யும்.

அசையாத திருகாணி

கடற்கரை ஊர்களிலிருந்து வரும் வாத்தியங்களில் இது தினசரிப் பிரச்சினை. உப்புக்காற்றும் வாசிப்பவரின் வியர்வையும் சேர்ந்து துருவை வளர்க்கின்றன. அவசரப்பட்டால் தலை போய்விடும்.

துரு இளக்கும் எண்ணெயை ஊசிமுனையால் எடுத்து, தலையின் ஓரத்திலும் மரை முடியும் மறு முனையிலும் ஒரு சொட்டு வையுங்கள். பேடில் படாமல் பக்கத்தில் காகிதம் செருகிக்கொள்ளுங்கள். ஒரு இரவு விடுங்கள். காலையில் முதலில் இறுக்கும் திசையில் ஒரு துளி திருப்பப் பாருங்கள், துருவின் பிடி அப்படித்தான் உடையும். அதன் பிறகு எதிர்த்திசை. வரவில்லையா, திருப்புளியை வெட்டில் நிறுத்தி அதன் உச்சியில் சிறு சுத்தியலால் மெல்லத் தட்டுங்கள். தட்டும்போது வாத்தியத்தின் அடியில் மடித்த துணி இருக்கட்டும். மறுபடி எண்ணெய், மறுபடி ஒரு இரவு. மூன்று நாள் ஆனாலும் பரவாயில்லை.

சால்டரிங் அயர்ன் நுனியைத் திருகாணித் தலையில் அரை நிமிடம் வைத்து, சூடாகி ஆறும்போது துருவின் பிடி விடுவதும் ஒரு வழி. ஆனால் போஸ்ட் மரத்துக்குள் திருகப்பட்டிருக்கிறது, சூடு அதன் வழியே மரத்துக்கும் போகும். பிளாஸ்டிக் கிளாரினெட்டில் இன்னும் ஆபத்து. உலோக உடம்புள்ள சாக்ஸபோனில் பழகிய பிறகே இதைச் செய்யுங்கள்.

ஆர்மோனியத்தில் மரம்தான் முக்கியம்

ஆர்மோனியத்தில் பித்தளை நாக்கு ஒரு தகட்டில் ஆணியடித்துப் பொருத்தப்பட்டிருக்கும், அந்தத் தகட்டை இரண்டு சிறு மரத்திருகாணிகள் ரீடு பலகையில் பிடித்திருக்கும். இங்கே உலோக மரை கிடையாது, மரத்தில் திருகாணியே வெட்டிக்கொண்ட பாதைதான் மரை. ஒவ்வொரு முறை மாட்டும்போதும் அந்தப் பழைய பாதையிலேயே போக வேண்டும். எதிர்த்திசையில் திருப்பி ‘டிக்’ கண்டுபிடிக்கும் வழக்கம் இங்கே இன்னும் அவசியம். புதுப் பாதை வெட்டிக்கொண்டே போனால் நாலைந்து முறையில் ஓட்டை மாவாகிவிடும். பிறகு தகடு தளர்ந்து காற்றுக் கசியும், சுரம் கரகரக்கும்.

ஏற்கெனவே ஓட்டை பெரிதாகியிருந்தால் தீக்குச்சியை மெல்லியதாகச் சீவி, மரப்பசை தொட்டு உள்ளே செருகி, காய்ந்ததும் ஓரத்தை வெட்டிவிட்டு, திருகாணி மரையில் கொஞ்சம் தேன்மெழுகு தேய்த்து ஏற்றுங்கள். பெரிய திருகாணி போடும் யோசனை வேண்டாம், பலகை பிளக்கலாம்.

திருப்புளி நழுவுவது இங்கே வேறு விதத்திலும் கெடுதல். நாக்கின் மேல் கீறல் விழுந்தால் சுருதியே மாறும். நாக்கின் நுனிப் பக்கம் உலோகம் குறைந்தால் சுருதி ஏறும், அடிப் பக்கம் குறைந்தால் இறங்கும். சுருதி சேர்ப்பவர்கள் இதைத் தெரிந்தே சுரண்டுகிறார்கள். தெரியாமல் விழும் கீறலும் அதே வேலையைச் செய்யும். எனவே திருகும்போது ஒரு சிறு அட்டைத் துண்டை நாக்கின் மேல் மூடி வைத்துக்கொள்ளுங்கள்.

கிட்டார்காரர்களுக்குச் சுருக்கமாக

கிட்டாரில் ஸ்டார் திருகாணிகள்தான் அதிகம். அவற்றின் அளவைக் குறிக்கும் PH என்பதைக் கடையில் ‘பிஎச்’ என்று கேளுங்கள். பிஎச் 0, பிஎச் 1 இரண்டும் இருந்தால் டியூனர், பிக்கார்டு வேலைகள் பெரும்பாலும் முடிந்துவிடும். ஜப்பானில் தயாரானவற்றில் தலையில் ஒரு சிறு புள்ளி இருந்தால் அது ஜப்பானியத் தர வகை. சாதாரண ஸ்டார் திருப்புளி அதில் அடிவரை உட்காராமல் நழுவும், ஜப்பானியத் தரத்துக்கான திருப்புளி தேவை. பாலத்தில் தந்தியின் உயரம் மாற்றும் திருகாணிகளுக்கு ஆலன் கீ என்ற அறுகோணக் கம்பி. அமெரிக்க அளவில் 0.050 அங்குலம், அதாவது 1.27 மில்லிமீட்டர். ஆசியத் தயாரிப்புகளில் பெரும்பாலும் 1.5. கிட்டத்தட்ட ஒன்றுபோலத் தெரிவதால் சிறியதைப் பெரியதில் விட்டு, ஆறு மூலையையும் உருட்டிவிடுகிறார்கள். பிக்கப்புகளுக்குள் காந்தம் இருப்பதால் எஃகுத் திருப்புளியைச் சட்டென்று இழுத்துக்கொள்ளும். தளர்வாகப் பிடிக்காதீர்கள்.

தரையில் விழுந்துவிட்டால்

நகராதீர்கள். காலடியில் மிதிபட்டு இடுக்கில் போவதுதான் அதிகம். அறை விளக்கை அணைத்து, டார்ச்சைத் தரையோடு தரையாகக் கிடத்தி ஒளியைப் படரவிடுங்கள். மேலிருந்து பார்க்கும்போது மறைந்திருக்கும் திருகாணிக்கு அப்போது நீள நிழல் விழும். எஃகுத் திருகாணியானால் காந்தத்தைப் பிளாஸ்டிக் கவரில் சுற்றித் தரையில் தடவலாம். கவரை உள்புறம் வெளியே திருப்பினால் ஒட்டியதெல்லாம் உதிர்ந்து தட்டில் விழும். பித்தளையானால் வாக்குவம் கிளீனரின் வாயில் மெல்லிய காலுறையைக் கட்டி உறிஞ்சுங்கள், துணியில் வந்து நிற்கும்.

அப்படியும் கிடைக்கவில்லை, அல்லது ராடே குழாய்க்குள் உடைந்துவிட்டது என்றால் நாமாக எதையும் துளைத்து எடுக்கப் பார்க்க வேண்டாம். உடைந்த துண்டு, அதே வாத்தியத்தில் அதன் ஜோடியாக இருக்கும் இன்னொரு திருகாணி, கழற்றிய கீ மூன்றையும் ஒரு ஜிப் கவரில் போட்டு வாத்தியத்தோடு பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள். ஜோடித் திருகாணி கையில் இருந்தால் மரையின் அளவையும் தலையின் விட்டத்தையும் அளந்து, அவர் லேத்தில் புதிதாக ஒன்று கடைந்துவிட முடியும்.